இடது சீட்டு பெல்ட்

மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லித்தான் நாச்சியம்மாள் அந்தக் காரை அனுப்பி வைத்தார்.

கணபதியில், சத்தி ரோட்டை ஒட்டிய சந்துக்குள் இருக்கிறது மதன்குமாரின் ஒர்க்‌ஷாப். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இழுவை வண்டி காரை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. வெள்ளைக் கார்தான். ஆனால் சத்தியம் செய்தால்தான் யாரும் நம்புவார்கள். கூரைக்கு நான்கு விரற்கடை கீழே வரை சேறு அப்பிக் காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் வந்த வாடையில் மதன் இரண்டடி பின்னால் போனான்.

போன் அடித்தது.

“கண்ணு, வண்டி வந்து சேந்துதுங்களா?”

“வந்துருச்சுங்க அத்தை. இப்பத்தான் இறக்குனாங்க.”

“திருமூர்த்திகிட்ட மட்டும் மூச்சு விட்டுப்போடாதீங்க. பழைய இரும்புக்குப் போடறேன், திங்கக்கிழமை ஆளு வருதுன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். அவங்கப்பா இருந்து வாங்குன கடேசி வண்டிங்க அது. பொண்ணு அழைப்புக்கு இதுலதான் வரோணும்னு எனக்கு ஆசை. வெளிய குடுத்தா, கல்யாண ஊட்டு வண்டி முழுகிப்போச்சுன்னு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. சம்பந்தி ஊட்டுக் கையில குடுத்தா, ஒருத்தருக்கும் தெரியாமச் சுத்தமாயிரும் பாருங்க.”

“ஆயிருமுங்க அத்தை. புதன்கிழமை கொண்டாந்து நிறுத்திப்போடறேன்.”

வியாழக்கிழமை கல்யாணம். மணமகன் திருமூர்த்தி. தொண்டாமுத்தூருக்கு அப்பால் தென்னந்தோப்பு, தனி வீடு, ஒரே பையன். மணமகள் மதனின் தங்கை வர்ஷினி. அப்பா அம்மா இருவரும் போன பிறகு, இந்தப் பத்து வருஷத்தில் மதன் உருப்படியாகச் செய்யப்போகும் ஒரே காரியம் அவளை ஒரு நல்ல இடத்தில் சேர்ப்பதுதான். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, இந்த வண்டிக்குள்ள மீன் குழம்பு வெச்சாங்களா?” என்று மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்தார் நிலோஃபர். கோட்டைமேட்டுக்காரர். இருபது வருஷமாக கார் சீட்டைக் கழற்றி, தைத்து, மாட்டுகிறவர். சீட்டின் அழுக்கைப் பார்த்தே அதில் உட்கார்ந்தவரின் யோக்கியதையைச் சொல்லிவிடுவார். பாதி தடவை சரியாகவும் இருக்கும்.

“நம்ம மாப்பிள்ளை வண்டிக்கா. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க.”

“மாப்பிள்ளைக்கு மரியாதை குடுக்கலாம். நாத்தத்துக்கு எப்படிக் குடுக்கறது?”

மதன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தான். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தட்டி மூடியைத் தூக்கினான். சிரிப்பு நின்றது.

ஃபில்டர் கிழிந்து உள்பக்கமாக இழுபட்டிருந்தது. அதைத் தாண்டி குழாய்க்குள் மணல், வேப்பிலை, ஒரு துண்டு பாளை.

நிற்கிற வண்டி தண்ணீரில் நனையும். ஓடுகிற வண்டிதான் தண்ணீரைக் குடிக்கும். இந்த எஞ்சின் வயிறு முட்டக் குடித்திருந்தது.

ஆனால் திருமூர்த்தி சொன்னது வேறு. பதினோரு நாளைக்கு முன் செவ்வாய்க்கிழமை அடித்த புயலில், கருவேலம்பள்ளத்து ஓடைத் தண்ணீர் கரை உடைத்துத் தோப்புக்குள் புகுந்ததாம். ஷெட்டில் நின்ற கார் நின்றபடியே முழுகிப்போனதாம். நாச்சியம்மாள் அன்றைக்கு உடுமலைப்பேட்டையில் தங்கை வீட்டில் இருந்தார். மகன் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

மதன் எட்டிப் போய்க் காரைப் பக்கவாட்டில் பார்த்தான். சேற்றுக் கோடு சமமாக இல்லை. முன்பக்கம் கிட்டத்தட்டக் கூரை வரை ஏறியிருந்தது. பின்பக்கம் கண்ணாடிக்குக் கீழேயே நின்றுவிட்டது. மூக்கு கீழே குத்தி நின்ற கார்.

தோப்பு ஷெட்டின் தரை சிமென்ட். கேரம் போர்டு மாதிரி சமமானது. போன மாசம் அங்கே நின்றுதான் அவன் இளநீர் குடித்தான்.

‘புயல்ல எவனாவது வண்டியை நகர்த்தப் பார்த்திருப்பான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நாலு மணிக்கு வர்ஷினி கூப்பிட்டாள்.

“அண்ணா, காந்திபுரத்துல ப்ளவுஸ் எல்லாம் வாங்கிட்டேன். அவரு ஜீப்புல வந்து கூட்டிட்டுப் போறாரு. வளையல் அளவு பார்க்கோணும்னு அத்தை வரச் சொன்னாங்க. ஏழு மணிக்கு அவரே கொண்டாந்து விட்டுருவாரு.”

மதன் மேற்கே பார்த்தான். வெள்ளியங்கிரிப் பக்கம் வானம் ஈயம் பூசியது போல் இருந்தது.

“மழை வர்ற மாதிரி இருக்குது பாப்பா. நாளைக்குப் போலாமே?”

“நான் என்ன அப்பாவோட ஸ்கூட்டர்லயா போறேன்? பயந்தாங்கொள்ளி!” என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

அப்பாவின் ஸ்கூட்டர். அப்பா குடித்துவிட்டு அவிநாசி ரோட்டில் வளைத்து வளைத்து ஓட்டுவார். முன்னால் நிற்கும் வர்ஷினிக்கு ஐந்து வயது, பின்னால் உட்கார்ந்த மதனுக்குப் பதினொன்று. நிறுத்தச் சொன்னால் அடி விழும். அதனால் மதன், “அப்பா, செருப்பு விழுந்துருச்சு!” என்று கத்துவான். செருப்பு காசு போட்டு வாங்கியதாயிற்றே, அப்பா உடனே நிறுத்துவார். நிறுத்திய கணத்தில் தங்கை இறங்கி ஓட வேண்டும். அது இருவருக்கும் மட்டும் தெரிந்த சட்டம். ஒரு தடவைகூட அவள் தாமதித்ததில்லை.

“தம்பி, இங்க வாங்க.” நிலோஃபரின் குரலில் கேலி இல்லை.

முழுகின வண்டி வந்தால் நிலோஃபர் முதலில் செய்வது பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது. எவ்வளவு கழுவினாலும் பெல்ட் பொய் சொல்லாது என்பார். டிரைவர் பக்கத்துப் பெல்ட்டை இழுத்துக் காட்டினார். உருளைக்குள் சுருண்டிருந்த பகுதியில், ஓரத்தில் மட்டும் மெல்லிய சேற்றுக் கோடு.

“இது சும்மா தொங்கின பெல்ட்டு. சரியா?”

“சரி.”

“இப்ப இதைப் பாருங்க.”

இடது பக்கத்துப் பெல்ட்டை இழுத்தார். ஓர் ஆள் நீளத்துக்கு வெளிப்பக்கம் முழுக்கச் சேறு, அப்பம் சுட்டது போல் ஒரே கனமாக. திருப்பினார். உள்பக்கத்தில் நடுவில் ஒன்றரை முழத்துக்குச் சேறே இல்லை. கறுப்பு நாடா புதிது போல் பளிச்சென்றிருந்தது.

“தண்ணி ஏறும்போது இந்தப் பெல்ட்டு மாட்டியிருந்துச்சு தம்பி. சும்மா மாட்டலை. எதையோ கட்டிப் புடிச்சுட்டு இருந்துச்சு.”

மதன் பெல்ட்டின் நாக்கை எடுத்துக் கொக்கியில் செருகினான். ‘டக்.’ சிவப்புப் பட்டனை அமுக்கினான். உடனே கழன்றது. பழுதே இல்லை.

பிறகு அவன் நாச்சியம்மாளைக் கூப்பிட்டான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

“அத்தைங்க, முழுகறப்ப முன் சீட்டுல ஏதாச்சும் சாமான் இருந்துச்சுங்களா?”

“எளநி மூட்டை வெச்சிருப்பான் கண்ணு. வெயிட்டு இருந்தா அந்த வண்டி ‘டிங் டிங்’னு கத்தி உசுர வாங்குமே. அதுக்கு மூட்டைக்கே பெல்ட்டை மாட்டிப்போடுவான். நானே எத்தனை தடவை சிரிச்சிருக்கறேன்!”

மதனுக்கு மூச்சு வந்தது. போனை வைத்துவிட்டு நிலோஃபரைப் பார்த்து, “எளநி மூட்டைக்கா!” என்றான், பரீட்சையில் பாஸானவன் மாதிரி.

“அப்ப சரி,” என்றார் நிலோஃபர். ஆனால் அவர் முகம் சரியாகவில்லை. குனிந்து இடது சீட்டின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

சீட்டு வெளியே வந்தது. அதன் தண்டவாளத்துக்கு அடியில் உறைந்திருந்த சேற்றை நிலோஃபர் உளியால் பெயர்த்தார். ஒரு பாளம் உடைந்து தரையில் விழுந்தது. உள்ளிருந்து ஏதோ சிரித்தது.

“யா அல்லா!”

பல் செட். மேல் வரிசை. இளஞ்சிவப்பு ஈறு, பதினான்கு வெள்ளைப் பற்கள், அதில் ஓரத்துப் பல் ஒன்றில் வெள்ளிக் கம்பி.

மதன் அதைக் கையில் எடுத்தான். கழுவ வேண்டியதே இல்லை. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு வந்த இருநூறு பேருக்கும் தெரியும்.

அரங்கசாமி. திருமூர்த்தியின் தோப்பில் இருபத்தேழு வருஷமாகப் பண்ணையம் பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து வலது கை மட்டும் விளங்காமல் தொங்கிவிட்டது. அதற்காக ஒரு நாள்கூட வீட்டில் உட்காரவில்லை. நிச்சயதார்த்தப் பந்தியில் ஒப்புட்டுப் போளி வைத்ததும், இடது கையால் பல் செட்டைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்துவிட்டு, “ஒப்புட்டைக் கடிக்கக் கூடாதுங்க, கரைக்கோணும்,” என்றார். பக்கத்து இலைக்காரர் எழுந்து ஓட, பந்தியே சிரித்தது. போகும்போது மதனின் நம்பரை வாங்கி, தன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, “கல்யாணச் சமையலுக்குத் தேங்கா என்ற பொறுப்புங்க தம்பி,” என்றார்.

அந்தப் புயல் கொண்டுபோன ஒரே ஆள் அவர்தான்.

மோட்டாரை நிறுத்தத் தனியாகப் போனவரைப் பள்ளத்துத் தண்ணீர் இழுத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். மூன்று நாள் கழித்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, கோரைக்குள் உடல் கிடைத்தது. இழவு வீட்டுக்கு மதனும் வர்ஷினியும் போயிருந்தார்கள். தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம், தனியாக நிற்கும் ஓட்டு வீடு. அவர் மனைவி பழனியாத்தாள் அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “சாயங்காலம் போனைச் சார்ஜுல போட்டுட்டு, பல்லை மாட்டிட்டு, சிரிச்சுட்டே போனாருங்க. அந்தப் பல்லைக்கூடத் தண்ணி விட்டு வெக்கலை. பொக்கை வாயோடவே எரிச்சுப்போட்டோம்.”

எல்லாரையும் முந்திக்கொண்டு பாடைக்குத் தோள் கொடுத்தவன் திருமூர்த்தி.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து வாயோடு போன பல், இங்கே இருக்கிறது. இந்தக் காருக்குள். இந்தச் சேற்றுக்குள்.

மதன் இடது சீட்டு இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். அங்கே உட்கார்கிறவருக்குப் பெல்ட்டின் கொக்கி வலது கைப் பக்கம். அரங்கசாமிக்கு வலது கையே இல்லாத மாதிரிதான்; அந்தக் கை கொக்கிமேலேயே தொங்கும், இடது கை குறுக்கே எட்டி அந்த இடுக்குக்குள் நுழையாது. அவருக்குப் பெல்ட்டை யாரோ மாட்டிவிட்டிருக்க வேண்டும்.

மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். ஒரு அமுக்கு.

“தம்பி,” என்றார் நிலோஃபர் மெதுவாக. “வலது பக்கக் கண்ணாடி முழுக்க இறங்கியிருக்குது. இடது பக்கம் ஏத்தியே இருக்குது. கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தான். ஒருவன் அந்த ஜன்னல் வழியாக வெளியேறியிருக்கிறான்.

போன் அடித்தது. நாச்சியம்மாள்தான்.

“கண்ணு, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. திங்கக்கிழமை வரேன்னு சொன்ன இரும்புக்காரன் இன்னைக்கே வந்துட்டான். ஷெட்டுல வண்டியக் காணோம்னு நேரா திருமூர்த்திக்குப் போன் போட்டுட்டான். அப்புறம் நான் எங்க மறைக்கறது? உங்ககிட்டத்தான் குடுத்திருக்குன்னு சொல்லிப்போட்டேன்.”

“மாப்பிள்ளை என்ன சொன்னாருங்க?”

“அதான் ஆச்சரியம். காச்சு மூச்சுன்னு கத்துவான்னு பார்த்தேன். கத்தவே இல்லைங்க. கொஞ்ச நேரம் பேச்சே காணோம். அப்புறம் ‘சரிங்கம்மா’ன்னு வெச்சுட்டான்.”

“எப்பங்க அத்தை?”

“அரை மணி நேரம் இருக்குமுங்க. அப்பத்தான் வர்ஷினியைக் கூட்டிட்டுக் காந்திபுரத்துல இருந்து கிளம்பினானாம்.”

மதன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து பத்து. சந்துக்குள் முதல் தூறல் தகரத்தில் விழுந்தது.

வர்ஷினியின் நம்பரை அழுத்தினான். ஒரு மணி. இரண்டு. மூன்று. எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் எதிரொலித்தது.

“சொல்லு அண்ணா. வண்டி ஸ்பீக்கர்ல இருக்கே, வாயை அடக்கிப் பேசு!”

“வணக்கமுங்க மச்சான்.” திருமூர்த்தி. அதே பணிவு, அதே இழுப்பு.

ஒரு வார்த்தை தப்பாகப் பேசினாலும் அவனும் கேட்பான்.

“வணக்கமுங்க மாப்பிள்ளை. எங்க வந்திருக்கறீங்க?”

“பள்ளத்துக்கிட்ட அண்ணா,” என்றாள் வர்ஷினி. சிரிப்பு குறைந்திருந்தது. “இங்க செம மழை. தண்ணி பாலத்து மேல ஓடுது. திரும்பிப் போயிரலாம்னு சொல்றேன், இவரு கேக்க மாட்டேங்கறாரு.”

“முழங்கால் தண்ணிதானுங்க மச்சான். இந்த ஜீப்புக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா? அந்தப் பக்கம் போயிட்டா பேசறதுக்கு நெறைய இருக்குது. இல்லீங்களா?”

கடைசி வார்த்தை வர்ஷினிக்கு அல்ல.

நிலோஃபர் தன் போனில் நூறை அழுத்திக்கொண்டு ஒர்க்‌ஷாப்பின் மறு கோடிக்கு ஓடினார். மதன் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஒண்ணுமில்ல பாப்பா. செருப்பு விழுந்துருச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும். சர்ர்... சர்ர்...

“என்ன செருப்புங்க மச்சான்?”

“கல்யாணத்துக்கு வாங்குன செருப்புங்க மாப்பிள்ளை. வண்டில வர்றப்ப விழுந்துருச்சு.”

சர்ர்... சர்ர்...

இருபது வருஷம் ஆயிற்று. ‘ஞாபகம் இருக்குமா? இந்த மழையில், இந்த இரைச்சலில், ஐந்து நாளில் தாலி கட்டப்போகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அது அவள் காதில் விழுந்திருக்குமா?’

டிங்.

டிங். டிங். டிங்.

பெல்ட் கழன்றுவிட்ட சத்தம். இவ்வளவு இனிமையான சத்தத்தை மதன் வாழ்நாளில் கேட்டதில்லை.

“ஏன் அம்மணி, பெல்ட்டை எதுக்குக் கழட்டினே?”

“வாந்தி வர்ற மாதிரி இருக்குதுங்க மாமா. ஒரே நிமிஷம் நிறுத்துங்க.”

“தாண்டிட்டு நிறுத்தறேன்.”

“மாமா, புது வண்டிக்குள்ளயே எடுத்துப்போடுவேன். நிறுத்துங்க!”

பிரேக் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. மழையின் இரைச்சல் முழுசாக உள்ளே புகுந்தது. சீட்டில் பாரம் இறங்கியதும் டிங் டிங் நின்றது.

“பையை வெச்சுட்டே எங்க போறே? வர்ஷினி? ஏய், அந்தப் பக்கம் எதுக்கு ஓடறே?”

மழை மட்டும். அவள் போன், பையோடு ஜீப்பிலேயே கிடக்கிறது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. உள்ளே திடீரென்று அமைதி.

“மச்சான்.” அவன் குரல் இப்போது மிக அருகில் கேட்டது. “வண்டி உங்ககிட்ட இருக்குதாமா.”

“இருக்குதுங்க.”

“என்ன பார்த்தீங்க?”

“பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டனுங்க.”

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

“இதே பாலம்தானுங்க. மோட்டாரை நிறுத்திட்டு ரெண்டு பேரும் திரும்பிட்டு இருந்தோம். போக வேண்டாம் தம்பின்னு அவரு சொன்னாரு. நான்தான் கேக்கலை. நடுப் பாலத்துல எஞ்சின் நின்னுபோச்சு. வண்டி அப்படியே சரிஞ்சு மூக்கு கீழ போயிருச்சு. நான் சன்னல் வழியா வந்துட்டேன். அவரு பெல்ட்டு சிக்கிக்கிச்சுங்க. எத்தனையோ இழுத்தேன். கழலவே இல்லை.”

“மாப்பிள்ளை,” என்றான் மதன். “அந்தப் பட்டன் இப்பவும் ஒரே அமுக்குல கழலுதுங்க.”

இப்போது அவன் குரலில் இழுப்பு இல்லை. பணிவும் இல்லை.

“தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு. கழட்டி விட்டா என்னைத்தான் புடிச்சுத் தொங்குவாரு. ரெண்டு பேரும் போயிருப்போம். கரையில நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். ரொம்ப நேரம் கூப்பிட்டாரு. விடிகாலைல டிராக்டரை வெச்சு இழுத்தேன். அவரை எடுத்துத் தண்ணிலயே விட்டுட்டேன். இனி என்னங்க பண்ண முடியும்? போனவரு வரப்போறாரா? அந்தப் பெல்ட்டைக் கழுவிப்போடுங்க மச்சான். வியாழக்கிழமை கல்யாணம். உங்க தங்கச்சி மழைல நனைஞ்சுட்டே ஓடறா. நான் திரும்பிப் போயி ஏத்திக்கறேன்.”

ரிவர்ஸ் கியர் விழுந்தது. பீப்... பீப்... பீப்...

போன் இணைப்பு அறுந்தது.

மதன் திரும்ப அழுத்தினான். அணைக்கப்பட்டிருந்தது. ஒர்க்‌ஷாப் பைக்கின் சாவியைத் தேடி எடுத்தான். கணபதியிலிருந்து தொண்டாமுத்தூருக்கு இந்த மழையில் முக்கால் மணி நேரம்.

“போலீஸ் வர்றாங்க,” என்றார் நிலோஃபர். “அங்க இருக்கற ஸ்டேஷனுக்கும் சொல்லியாச்சு. நீங்க போயிட்டா, அவன் இங்க வந்து வண்டியைக் கேட்டா நான் ஒருத்தி என்ன பண்றது?”

மதனால் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தகரத்தில் மழை வலுத்தது. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். ஏழு.

போன் ஒளிர்ந்தது. திரையில் ஒரு பெயர் வந்தது.

‘அரங்கசாமி தேங்கா.’

எட்டு நாளைக்கு முன் எரிந்துபோன மனிதர் கூப்பிடுகிறார்.

விரல் வழுக்கி, இரண்டாவது முறை தேய்த்தபோதுதான் எடுத்தது.

“அண்ணா.” வர்ஷினி. மூச்சு இரைத்தது. “இறங்கிட்டேன்.”

மதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எங்க இருக்கே?”

“அந்த இழவு ஊட்டுல. பக்கத்துல வேற ஊடே இல்ல. உள்ள வந்ததும் அம்மா தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. அவரு வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்சாரு. ரெண்டு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அப்புறம் ஜீப்பைத் திருப்பி டவுன் பக்கம் போயிட்டாரு. அண்ணா, அவரு மூஞ்சி... எதுக்கு அண்ணா இறங்கச் சொன்னே?”

“வந்து சொல்றேன் பாப்பா. அம்மாகிட்டக் குடு.”

பழனியாத்தாளின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “தம்பி, என்னன்னே புரியலைங்க. புள்ள வெடவெடன்னு நடுங்குது. சின்னவரு ஏனுங்க அப்படிக் கத்தறாரு?”

மதன் உள்ளங்கையைப் பார்த்தான். வெள்ளிக் கம்பி கட்டிய ஓரத்துப் பல் மின்னியது.

“அம்மா, உங்க ஊட்டுக்காரரு அன்னைக்குத் தனியாப் போகலைங்க.”

மதன் பல் செட்டைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

“அவரு பல்லு என்ற கைல இருக்குதுங்க அம்மா. சின்னவர் வண்டிக்குள்ள இருந்துச்சு.”

“தண்ணி கொண்டுபோச்சுன்னாங்களே...” என்றார் பழனியாத்தாள். பிறகு, அன்றைக்கு இழவு வீட்டில் வராத அழுகை, இப்போது போன் வழியாக வந்தது.

மதன் அதைக் கடைசி வரை கேட்டான். பிறகு எழுந்து ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினான். கழற்றிய இடது சீட்டை யாரும் தொடாதபடி ஓரமாக வைத்து, பல் செட்டைச் சுத்தமான துணியில் சுற்றி மேஜைமேல் வைத்தான். நிலோஃபர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். இனி அந்தக் கார்மேல் ஒரு சொட்டு தண்ணீர் படக் கூடாது.

ஆறரை மணிக்குச் சந்து முனையில் வெளிச்சம் திரும்பியது. ஷட்டருக்கு அடியில் வெள்ளைக் கோடாக நீண்டு, கார் சக்கரம் வரை வந்தது. ஜீப் சத்தம். நிலோஃபர் கையில் உளியை எடுத்துக்கொண்டார். மதன் அசையவில்லை.

“யாருங்க உள்ள? போலீஸ்,” என்றது குரல்.

ஷட்டரைத் தூக்கினான். இரண்டு காக்கிச் சட்டைகள், நனைந்த தொப்பிகள். அவர்களுக்குப் பின்னால், சந்தின் மறு முனையில், இன்னொரு ஜீப்பின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அது முன்னாலும் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. மழைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு போலீஸ்காரர் அதை நோக்கி நடந்தார்.

மதனின் போன் அடித்தது. நாச்சியம்மாள்.

“கண்ணு, ரெண்டு பேரும் இன்னும் வரலைங்க. மழைல எங்கயாச்சும் நின்னுட்டாங்களாட்ட இருக்குது.” ஒரு நொடி நிறுத்தி, ஆவலோடு கேட்டார்: “அதை விடுங்க. வண்டி சுத்தமாயிருமுங்களா?”

மதன் காருக்குள் பார்த்தான். முழுக்க இழுத்துவிட்ட இடது பெல்ட் உருளைக்குள் திரும்பிப் போகாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆகாதுங்க அத்தை,” என்றான்.